தண்ணீரோடு நகரும் முகாம்: மேட்டூர் நீர்ப்பரப்பில் பரிசல் குடும்பங்கள்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து விவசாயிகளுக்கு மேட்டூர் அணை என்றால் ஓர் எண். காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடுவது அதைத்தான். இன்றைக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, ஜூன் 12-ல் திறப்பார்களா, மாட்டார்களா? குறுவை போடுவதும் விடுவதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான். அணைக்குக் கீழே இருப்பவர்கள் இப்படி. அணைக்கு மேலே, நீர்ப்பரப்பின் கரையிலேயே குடிசை போட்டு வாழும் குடும்பங்களும் தினமும் இதே எண்ணைக் கேட்கின்றன. ஆனால் அவர்களுக்கு அது சாகுபடிக் கணக்கு இல்லை. இன்று ராத்திரி எங்கே படுப்பது என்ற கணக்கு.

கொளத்தூர் வட்டாரத்தில் வேலை பார்த்த காலத்தில் நீர்ப்பரப்பு நிலங்களுக்கு அடிக்கடி போவேன். நிலக்கடலை வயலைப் பார்க்கப் போனால் எப்படியும் ஒரு மீனவர் முகாமைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படிப் பழகிய ஒரு முகாமில் இரண்டு மூன்று முறை இரவு தங்கியும் இருக்கிறேன். 'பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கிறோம், பரிசல் வாங்கலாமா, எப்படிப் பராமரிப்பது?' என்று வாசகர்கள் கேட்பதால், அங்கே பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன். குட்டை விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை இது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம். முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிரம்பி நின்றால் சுமார் 59 சதுர மைல் பரப்பு. இந்தத் தண்ணீருக்குள் பல ஊர்கள் இருக்கின்றன. அங்கிருந்த மக்கள் மேட்டுக்கு நகர்ந்து அதே பெயரில் புது ஊர் அமைத்துக்கொண்டார்கள். நீர்மட்டம் 80 அடிக்கும் கீழே இறங்கும் வருடங்களில் பண்ணவாடியில் பழைய தேவாலயத்தின் கோபுரம் தலையைக் காட்டும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வரும். அதைப் பார்க்க ஒரு கூட்டம் வரும், போட்டோ எடுக்கும், போகும். நந்தி தெரிந்தால் டெல்டாக்காரர்களுக்கு வயிறு கலங்கும். பண்ணவாடிக்காரர்களோ ஏரைப் பூட்டுவார்கள். தண்ணீர் இறங்கிய இடமெல்லாம் வண்டல். நிலக்கடலை, சோளம், கேழ்வரகு, எள் என்று ஈரம் இருக்கிற வரை ஒரு வெள்ளாமை எடுத்துவிடுவார்கள்.

எதிர்க்கரையில் தருமபுரி மாவட்டத்து நாகமரை. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தண்ணீர்வழியே போக்குவரத்து. கோட்டையூரிலிருந்து ஒட்டனூருக்கும் அப்படித்தான். சாலையில் சுற்றிப் போனால் அரை நாள் போய்விடும்.

முகாம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான்கைந்து குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குடில். மூங்கில் நான்கு, மேலே தார்ப்பாய், பக்கவாட்டில் பிரித்துத் தைத்த உரச் சாக்கு. வெளியே மூன்று கல் அடுப்பு. ஒரு கொடி, அதில் வலை. ஊரில் வீடு இருக்கிறது, பிள்ளைகள் அங்கே தாத்தா பாட்டியோடு இருந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் தண்ணீர் இறங்க இறங்க கரை ஊரைவிட்டுத் தள்ளிப் போய்விடுகிறது. சாயங்காலம் வலை விட்டு, விடியும் முன்னே எடுக்க வேண்டிய தொழில் இது. ஊரிலிருந்து வந்து போனால் கட்டாது. காவல் இல்லாத வலையும் தங்காது. அதனால் கரை எங்கே போகிறதோ அங்கே குடிலும் போகிறது. ஒரு வருடத்தில் ஏழெட்டு இடம் மாற்றுவோம் என்றார் அந்த முகாமின் மூத்தவர். அவரை எல்லோரும் 'பெரியப்பா' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு நான் 'ஆபீசர் சார்'.

இப்படி ஏழெட்டுத் தடவை தூக்கிக்கொண்டு போவதால் வேண்டாத பொருள் ஒன்றுகூட அங்கே கிடையாது. இருக்கிற ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு வேலை உண்டு. பரிசலையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் படகு, கரையேறினால் தலையில் கவிழ்த்துத் தூக்கிப் போகிற கூடை, வெயிலில் ஒரு துடுப்பை முட்டுக் கொடுத்துச் சாய்த்து வைத்தால் நிழல், மழை திடீரென்று பிடித்தால் அரிசியும் அடுப்பு விறகும் அதற்கு அடியில்.

பரிசல் கட்டுவதை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். மூங்கிலைப் பிளந்து, பிளாச்சு பிளாச்சாக எடுத்து, தரையில் பாய் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுகிறார்கள். நடுவில் கல்லைப் பாரம் வைத்து, ஓரங்களை மேலே வளைத்து, விளிம்பில் பட்டையாகச் சுற்றிக் கட்டினால் கூடை தயார். அந்தக் காலத்தில் இதன் மேல் மாட்டுத்தோல், எருமைத்தோல் போர்த்தினார்கள். இப்போது யூரியா சாக்கையும் சிமென்ட் சாக்கையும் பிரித்துத் தைத்து, அதன் மேல் தார் பூசுகிறார்கள். பைபர் பரிசலும் வந்துவிட்டது. அதற்குத் தார் பூசும் வேலை இல்லை. ஆனால் பாறையில் இடித்து விரிசல் விட்டால் கரையில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. மூங்கில் பரிசலில் ஓட்டை விழுந்தால் ஒரு சாண் சாக்கும் ஒரு கை தாரும் போதும். பெரியப்பா பைபரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. அவர் மகன் பைபர்தான் ஓட்டுகிறான். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் என் எண்ணம். பாறை நிறைந்த மேல்பகுதிக்கு, அதாவது ஒகேனக்கல்லை ஒட்டிய பக்கத்துக்கு மூங்கிலும், வண்டல் கரைக்கு பைபரும் பொருந்தும்.

மூங்கில் விஷயத்தில் அவர்கள் செய்கிற ஒரு வேலையை விவசாயிகளும் செய்யலாம். வெட்டிய மூங்கிலை உடனே பிளக்க மாட்டார்கள். கல்லைப் பாரம் வைத்துத் தண்ணீருக்குள் சில வாரம் ஊறப்போடுவார்கள். 'ஊறினா வண்டு அரிக்காது சார்' என்பது அவர்கள் அனுபவம். காரணம், மூங்கிலில் உள்ள மாவுச்சத்துதான் துளைப்பான் வண்டுக்கு உணவு. ஊறும்போது அதில் ஒரு பங்கு கரைந்து வெளியேறிவிடுகிறது. பந்தல் காய்கறிக்கு மூங்கில் நடுகிறவர்கள், கிணறோ குட்டையோ இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம். இளம் மூங்கிலில் இது பலிக்காது. மூன்று வருடமாவது முற்றிய கழி வேண்டும்.

பரிசலுக்குப் பெரிய எதிரி தண்ணீர் இல்லை, கரைதான். இழுத்துக்கொண்டு போனால் அடித்தார் உரிந்துவிடும். அதனால் ஒரு முழம் தூரமானாலும் தூக்கித்தான் வைப்பார்கள். கரையேறியதும் கவிழ்த்து, மூன்று கல்லின் மேல் நிறுத்துவார்கள். தரையில் அப்படியே போட்டால் ஒரே இரவில் கரையான் ஏறும். சித்திரை வெயிலில் கவிழ்த்துப் போட்டால் தார் இளகி, மணலும் சருகும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை தூக்கும்போது அதோடு சேர்ந்து தாரும் போகும். அதனால் வெயில் காலத்தில் மேலே ஈரச் சாக்கு அல்லது தழை. மறுபூச்சுக்குத் தார் காய்ச்சுவது மட்டும் எனக்குப் பயமான வேலை. தகர டின்னில் கொதிக்கிற தாரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் பொங்கித் தெறிக்கும். முகாமில் ஒரு பெண்ணின் முன்கையில் அந்தத் தழும்பு இருந்தது. சின்னப் பிள்ளைகளைத் தூரத்தில் அனுப்பிவிட்டு, காற்று வீசாத காலை நேரத்தில், முழுக்கைச் சட்டையோடு செய்வதே சரி.

பரிசலைவிட விலை கூடியது வலை. எடை போட்டு, கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். ஆளுக்கு ஒரு கண் அளவு இல்லை. கட்லா, ரோகு, மிருகாலுக்குப் பெரிய கண், ஜிலேபிக்குச் சின்னக் கண் என்று இரண்டு மூன்று வகை வைத்திருக்கிறார்கள். வாளை, ஆரல் எல்லாம் கிடைக்கிற நாளில் கிடைக்கும். அந்தக் காலத்துப் பருத்தி வலை மக்கிப்போகும் என்று மரப்பட்டைச் சாயத்தில் வேகவைத்துக் காயவைத்தார்கள். நைலான் மக்காது. ஆனால் வெயில் அதைத் தின்றுவிடும். மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த நைலான் நூலை இரண்டு கையாலும் சுண்டி இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறும். சொட்டுநீர்க் குழாய் வெயிலில் வெடிப்பதும், நிழல்வலை நான்கு வருடத்தில் நாராகப் போவதும் இதே கதைதான். ஆகவே வலையை நிழலில் உலர்த்த வேண்டும். மரம் இல்லாத நீர்ப்பரப்பில் நிழலுக்கு எங்கே போவது? விடியற்காலையில் மீனைப் பிரித்து எடுத்ததும், வெயில் ஏறும் முன்னே கொடியில் போட்டு உதறி, ஒன்பது மணிக்குள் சுருட்டி, சாக்குக்குள் போட்டுவிடுகிறார்கள்.

அதற்கப்புறம் எலி. நைலானை எலி தின்பதில்லை. அதில் ஒட்டியிருக்கிற செதிலையும் சதையையும் தேடி வந்து, நூலைக் கத்தரித்துவிட்டுப் போகிறது. நன்றாக அலசிய வலையை எலி அவ்வளவாகத் தொடுவதில்லை. சாக்குக்குள் வேப்பிலை போட்டால் எலி வராது என்று முகாமில் சொன்னார்கள். வேப்பிலைக்கு எலி பயந்ததை நான் பார்த்ததில்லை. கொடிக்கம்பத்தில் பாதி உயரத்தில் தகரத்தைக் கூம்பாக வளைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டச் சொன்னேன். தானியக் களஞ்சியத்தின் கால்களுக்கு நாம் செய்கிற அதே ஏற்பாடு. அடுத்த முறை போனபோது எல்லாக் கம்பத்திலும் எண்ணெய் டின் தகரம் தொங்கியது. நீர்நாய்க்குத்தான் வழி இல்லை. வலையில் மாட்டிய மீனை வலையோடு சேர்த்துக் கடித்து இழுத்துவிடும். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதை ஒன்றும் செய்யக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். நீர்நாய் வருகிற ஓரத்தில் வலை விடாமல் தள்ளிப் போவது ஒன்றுதான் செய்யக்கூடியது.

இரவு முகாமில் எதெல்லாம் நனையக் கூடாதோ, அதெல்லாம் வாயகன்ற, திருகு மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்குள் இருக்கும். ஊறுகாய்க் கடையில் வாங்கியது. அரிசி, மிளகாய்த்தூள், உப்பு, பீடிக்கட்டு, மாற்றுத் துணி. தீப்பெட்டி தனியாக ஒரு மாத்திரை டப்பாவில். குச்சியின் மருந்து நுனியை உருகிய மெழுகில் ஒரு முறை தோய்த்து எடுத்திருந்தார்கள். நனைந்தாலும் மெழுகைச் சுரண்டிவிட்டு உரசினால் பற்றும். செல்போன் இரண்டு கவருக்குள். முதல் கவரின் வாயைக் கீழ்நோக்கி இரண்டாவது கவருக்குள் போட்டு, அதன் வாயை முறுக்கி மடித்து ரப்பர் போடுகிறார்கள். தலையில் மாட்டுகிற டார்ச் ஆளுக்கு ஒன்று. ஆதார், ரேஷன் கார்டு, மீன்பிடி உரிமம் எல்லாம் அசல் ஊரில். நகல் மட்டும் டிரம்மில்.

இறுக மூடுகிற டப்பா பற்றி நம் விவசாயிகளிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. மூடிவிட்டால் உள்ளே இருப்பது காய்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அது வெளியே இருக்கிற ஈரத்தை உள்ளே விடாது, அவ்வளவுதான். உள்ளே போகிற பொருளில் ஈரம் இருந்தால் அதையும் வெளியே விடாது. முகாமில் ஒருவர் அடுத்த போகத்துக்கு நிலக்கடலைக் காயை இப்படி ஒரு டிரம்மில் போட்டு வைத்திருந்தார். திறந்ததும் பூஞ்சண வாடை. காயில் ஈரம் 9 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே அடைக்க வேண்டும். ஈரம் பார்க்கிற கருவி இல்லாவிட்டால், காயைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். மேல்தோல் தேய்த்தால் உரிய வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை விதைக்கும் வேண்டாம், வீட்டுக்கும் வேண்டாம், மாட்டுக்கும் போடாதீர்கள்.

இனி நான் கோபப்பட்ட ஒரு விஷயம். அந்த முகாமுக்கு முதல் தடவை போனபோது, குடிலுக்கு வெளியே ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் குடிதண்ணீர் வைத்திருந்தார்கள். ஒரு பெண் எனக்கு அதிலிருந்துதான் ஊற்ற வந்தார். லேபிள் கிழிந்து போயிருந்தது. ஆனால் ஒரு மூலையில் மிச்சமிருந்த காகிதத்தில் சாய்சதுரத்தின் பாதி தெரிந்தது. அதன் கீழ்ப்பாதி சிவப்பு. பூச்சிமருந்துக் கேன்.

'அம்மா, இது எங்கே கிடைச்சுது?'

'கரையில ஒதுங்குச்சுங்க சார். சோப்புப் போட்டு நாலு வாட்டி கழுவிட்டுத்தான் வெச்சிருக்கோம்.'

பூச்சிமருந்து வாங்குகிற எல்லோரும் அந்தச் சாய்சதுரத்தைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு என்றால் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சையும் நஞ்சுதான். எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கேன் சாப்பாட்டுக்கோ தண்ணீருக்கோ ஆகாது. மருந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அந்தக் கேனை அவர்கள் கண்முன்னே மிதித்து நசுக்கினேன். திரும்பிப் பார்த்தால் வலையின் மிதவைகளில் பாதி, சின்னச் சின்ன மருந்து பாட்டில்கள். வலை அறுந்தால் பல்லால் நூலைக் கடித்து முடிச்சுப் போடுகிற கைகள், வாய்கள் அவர்களுடையவை.

அந்தப் பாட்டில்கள் எங்கிருந்து வந்தன? மேலே நீர்ப்பரப்பு வயலிலிருந்துதான். மருந்து அடித்துவிட்டு வரப்பில் எறிந்த பாட்டில், தண்ணீர் ஏறும்போது மிதந்து அடுத்த கரையில் ஒதுங்குகிறது. எறிந்தவரும் எடுத்தவரும் சில சமயம் ஒரே குடும்பம். இந்தத் தண்ணீரைக் கீழே எத்தனை மாவட்டங்கள் குடிக்கின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. மருந்து காலியானதும் பாட்டிலை மூன்று முறை தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிடுங்கள். மருந்தும் வீணாகாது. பிறகு பாட்டிலில் ஓட்டை போட்டு, யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி செய்து, நீர்நிலையை விட்டுத் தள்ளி அப்புறப்படுத்துங்கள். ஓட்டை போடுவது முக்கியம். ஓட்டை இல்லாத பாட்டிலை யாராவது ஒருவர் எடுக்கத்தான் செய்வார்.

இப்போது காற்று. ஆடி மாதம் அந்த நீர்ப்பரப்பைப் பார்த்தால் கடல் மாதிரிதான் இருக்கும். காலை பத்து மணிக்கு மேல் மேற்கிலிருந்து காற்று பிடித்தால் அலை எழும்பும். பரிசலுக்கு முன் பின் கிடையாது, சுக்கான் கிடையாது. அலை அடித்தால் சுற்றும். இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்து வலையை இழுத்தால் கவிழும். 'ஆத்தாடி, நீச்சல் தெரியாத மீன்காரன் உண்டா?' என்று சிரிப்பார்கள். நீச்சல் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வலைக்குள் கால் சிக்கினால் நீச்சல் உதவாது. மடித்துக் கட்டிய லுங்கியும் தண்ணீரில் காலைப் பின்னும். பெரியப்பா அரைஞாண் கயிற்றில் ஒரு சின்னக் கத்தி வைத்திருப்பார். மீன் அறுக்க இல்லை, வலையை அறுக்க. இளைஞர்கள் பலர் அதை வைத்துக்கொள்வதில்லை.

முகாமில் லைப் ஜாக்கெட் இருந்தது. நான்கு. நான்கும் தலையணையாக இருந்தன. போட்டுக்கொண்டு வலை இழுத்தால் கை தடுக்கிறது, வேர்க்கிறது என்பது உண்மைதான்; நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் அதைக் குடிலில் விட்டுப் போவதற்கு அது காரணமாகாது. போட முடியாதவர்கள் பரிசலிலாவது வைத்திருக்க வேண்டும், காற்று மாறியதும் மாட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் இல்லாத இடத்தில், மூடி இறுகிய ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய்க் கேன் இரண்டை ஒரு கயிற்றில் கட்டி, கைக்கு எட்டுகிற இடத்தில் போட்டு வைக்கலாம். ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். தண்ணீருக்குள் மனிதனின் எடை சில கிலோதான் என்பதால், இரண்டு கேன் ஒரு ஆளைத் தாங்கும். மயக்கமான ஆளின் முகத்தை அது மேலே வைத்திருக்காது, ஜாக்கெட்தான் வைத்திருக்கும். இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. சித்திரை, வைகாசி மாத இடிமழைக்கு மட்டும் எந்தக் கருவியும் கிடையாது. முதல் இடி கேட்டதும் கரையேற வேண்டும். பரந்த தண்ணீரில் உயரமாக இருப்பது பரிசலில் நிற்கிற ஆள் ஒருவர்தான்.

தண்ணீர் இறங்குவதற்கு மாதங்கள் ஆகும். ஏறுவதற்கு அவ்வளவு ஆகாது. 2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடிக்குப் பக்கத்தில் கிடந்த அணை, அதே மாதம் 30-ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் திறந்த தண்ணீர் பிலிகுண்டுலுவைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் குடில் இருந்த மேடு காலையில் தண்ணீரோரம், மறுநாள் தண்ணீருக்குள். முகாம் மூன்று முறை மேலே ஏறியது.

அந்த நாட்களில் ஓர் இரவு. பெரியப்பாவின் புதிய வலை முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. சாயங்காலம் விட்ட வலை. இருட்டிய பிறகு வரத்து கூடிவிட்டது என்று போன் வந்தது. வெள்ளத்தில் மரமும் முள்ளும் தழையும் அடித்து வரும். வலை அதில் மாட்டினால் திரும்பக் கிடைக்காது. எடுக்கப் போகிறேன் என்று அவர் துடுப்பை எடுத்துவிட்டார். அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். 'எறங்கு'ன்னார், அந்தம்மா இறங்கவில்லை. திட்டினார், இறங்கவில்லை. விடிகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்ததாக மகன் சொன்னான். வலை போய்விட்டது. சங்கத்தில் கடன் வாங்கி எடுத்த வலை. நான் கடைசியாகப் பார்த்தபோதும் தவணை மிச்சம் இருந்தது. 'நீங்களே கேளுங்க சார், அன்னிக்கு விட்டிருந்தா எடுத்தாந்திருப்பேன்' என்று அவர் இன்னமும் குறைபட்டுக்கொள்கிறார். அந்தம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, 'ஆமா, எடுத்தாந்திருப்பாரு' என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு அங்கே நடப்பதில்லை.

இதுமாதிரி குடும்பங்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பத திட்டத்தில் மீனவர் இறந்தாலோ முழுமையாக உடல் முடங்கினாலோ ரூ.5 லட்சம், பகுதி முடக்கத்துக்கு ரூ.2.5 லட்சம். பிரிமியத்தை அரசே கட்டுகிறது. பெயர் பதிவில் இருக்கிறதா, வாரிசு பெயர் சரியாக இருக்கிறதா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். பரிசலுக்கும் வலைக்கும் மானியம் வருகிற வருடங்களும் உண்டு. அதையும் அங்கேயே கேளுங்கள்.

நகரத்திலிருந்து கயாக் என்கிற பிளாஸ்டிக் படகோடு வருகிற இளைஞர்களையும் அங்கே பார்த்திருக்கிறேன். நீர் புகாத பை, மடக்குக் கூடாரம், தலை டார்ச், எல்லாம் விலை உயர்ந்தவை, எல்லாம் நல்லவை. பையின் வாயை மூன்று சுற்று சுருட்டிக் கொக்கி மாட்டுகிற முறையைப் பார்த்து, பெரியப்பாவின் மகன் உரச் சாக்கின் உள்பையை அதேபோலச் சுருட்டிக் கட்டத் தொடங்கினான். அவர்களும் இவனிடம் காற்று எப்போது மாறும் என்று கேட்டுக்கொண்டார்கள். அப்படி வர நினைப்பவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க உரிமம் வேண்டும். வெள்ளக் காலத்தில் பரிசலுக்கும் படகுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டால், அது எல்லோருக்கும்தான்.

சரி, பண்ணைக்குட்டைக்கு வருகிறேன். மீனுக்குத் தீவனம் போடவும் வலை இழுக்கவும் இரண்டு ஆள் ஏறுகிற சின்னப் பரிசல் போதும். மண் குட்டையானால் மூங்கில் பரிசலே விலை குறைவு. பாலித்தீன் விரித்த குட்டையானால் மூங்கில் நுனி விரிப்பைக் கிழித்துவிடும். பரிசலின் வெளி விளிம்பைச் சுற்றிப் பழைய லாரி டியூபைக் கிழித்துக் கட்டிவிடுங்கள். அல்லது பைபர் வாங்குங்கள். வேலை முடிந்ததும் தண்ணீரிலேயே விடாமல் எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். பிடித்த மீனைக் கரையில் குவித்து வைக்காமல், மீனுக்குச் சம எடை ஐஸ் போட்டுத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கினால் வியாபாரி வரும் வரை கெடாது.

பாலித்தீன் விரித்த குட்டையில் வேறோர் ஆபத்து இருக்கிறது. சரிவில் பாசி பிடித்தால் கால் நிற்காது. உள்ளே விழுந்தவர், நீச்சல் தெரிந்தவரானாலும், ஏறப் பிடிமானம் இருக்காது. குட்டைகளில் பிள்ளைகள் இறப்பது பெரும்பாலும் இப்படித்தான். நான்கு கரையிலும் முளைக்குச்சி அடித்து, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட தடித்த கயிற்றைத் தண்ணீருக்குள் ஆறேழு அடி இறங்கும்படி தொங்க விடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, வெயில் அரித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக் கயிற்றை மாற்றுங்கள். சுற்றி வேலி, பூட்டுப் போட்ட படல். மிதவை வேண்டுமானால் எண்ணெய்க் கேன், தண்ணீர்க் கேன் கட்டுங்கள்; மருந்துக் கேன் வேண்டாம்.